கத்திச்சவுக்கில் மாட்டிய பலகை

ஆய்வுக் குழு வருகிறது என்றதும்தான், கல்லூரிக்குத் தோட்டம் ஒன்று இருப்பது தாவரவியல் துறைத் தலைவர் கிருபானந்தத்துக்கு நினைவு வந்தது. மரத்துக்கு மரம் பலகை மாட்டினார். கத்திச்சவுக்கு மரத்தில், கத்தி மாதிரி வளைந்த பச்சைத் தகட்டுக்கு அம்புக்குறி போட்டு "இலை" என்று எழுதினார்.

தோட்டக்காரர் சங்கிலி பேசாமல் இருந்திருக்கலாம். "ஐயா, அது இலை இல்லீங்களே, காம்பு" என்றுவிட்டார்.

"முப்பது வருஷம் பாடம் எடுத்தவனுக்கு நீ சொல்லித் தர்றியா? நாளைக்குக் குழு முன்னாடி நிரூபி. முடியலேன்னா சாவியை வச்சுட்டு வீட்டுக்குப் போயிடு."

பதினாறு வருஷ வேலை. மறுநாள் சங்கிலி ஒரு தொட்டியைத் தூக்கி வந்தார். அவரே விதை போட்டு வளர்த்த கத்திச்சவுக்குக் கன்று. அடியில் புளிய இலை மாதிரிப் பொடி இலைகள். அதற்கு மேலே இலைக்காம்பு தட்டையாகி, அதன் நுனியில் மட்டும் பொடி இலை ஒட்டியிருந்தது. உச்சியில் அதுவும் இல்லை, வெறும் தட்டைக் காம்பு.

குழுத் தலைவியம்மா கண்ணாடி போட்டுப் பார்த்தார். "இவர் சொல்றதுதான் சரி. இலை மாதிரி இருந்தும் இலை இல்லாததைத்தான் நாம 'இலைவடிவம்'னு எழுதுறோம். முதல் வருஷப் பாடமாச்சே, சார்."

கிருபானந்தம் சங்கிலி பக்கம் திரும்பினார். "சரிய்யா, பலகையைத் திருத்து."

"ஆகட்டுங்க. 'இலை'க்குப் பின்னால 'வடிவம்'னு சேர்த்தாப் போதும். பெயிண்ட் மிச்சமாகும். உங்க அறைக் கதவுல 'பேராசிரியர்'னு இருக்குதே, அதுக்குப் பின்னாலயும் சேர்த்துடட்டுங்களா?"