ஐந்தாம் முடிச்சில் அணைந்த விளக்கு

கேட்கிறவர்கள் எல்லாம் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் பிறப்பதற்கும் முன்னே, வேலங்காடு என்றொரு நாடு இருந்தது. அதை ஆதிமல்லன் என்ற அரசன் ஆண்டான். நல்லவன்தான். வரி அதிகம் வாங்க மாட்டான், வீண் சண்டைக்குப் போக மாட்டான். அவனுக்கு இருந்தது ஒரே ஒரு பைத்தியம். கேள்விப் பைத்தியம்.

காலையில் வேப்பங்குச்சி கொண்டுவருபவனிடம் ஒரு கேள்வி. சோறு போடுபவளிடம் ஒரு கேள்வி. சவரம் செய்ய வருபவனிடம் ஒரு கேள்வி. அவன் கையில் கத்தி இருக்கிறதே என்ற பயம்கூட இல்லை. அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி. சந்தைக்குப் போனால் காய்க்காரிகூட, "நண்டுக்கு எத்தனை காலுன்னு சொல்லு, அப்புறம் கத்தரிக்காய் வெலை சொல்றேன்" என்பாள்.

ஆண்டுக்கு ஒருமுறை சித்திரையில் கேள்விச் சபை கூடும். நடுவில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. அதில் ஒரு சின்னச் செம்பு வட்டிலை மிதக்க விடுவார்கள். வட்டிலின் அடியில் ஊசித் துளை ஒன்று இருக்கும். தண்ணீர் ஏறி வட்டில் மூழ்குவதற்குள் விடை சொல்லிவிட வேண்டும். முதலில் கை தூக்கியவருக்கு முதல் வாய்ப்பு. விடை மட்டும் போதும். ஏன், எதற்கு என்று அளந்துகொண்டிருந்தால் வட்டில் மூழ்கிவிடும், வாய்ப்பும் அடுத்தவருக்குப் போய்விடும்.

வென்றவருக்குப் பட்டாடை உண்டு. அதைவிடப் பெரிது, அடுத்த சித்திரை வரை ஊர்ப் பொதுவேலை எல்லாம் அவர் சொற்படிதான் நடக்கும். மறுக்கும் வேலையாளுக்கு அந்த நாட்டில் பிறகு வேலை கிடையாது.

பதினோரு ஆண்டுகளாக வென்றுவந்தவர் திருமேனியார். பத்தாயிரம் கேள்விக்கு விடை தெரிந்தவர். 'விடைக்கடல்' என்று அரசனே பட்டம் கொடுத்திருந்தான். நடக்கும்போதும் விடைகளை முணுமுணுத்துக்கொண்டே நடப்பார். மனிதர் கெட்டவர் அல்லர். கடலுக்குக் கொஞ்சம் உப்பு அதிகம், அவ்வளவுதான்.

அந்த ஆண்டு மழை ஏமாற்றிவிட்டது. ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அரண்மனைக்குப் பின்னால் ஒரு பழங்கிணறு உண்டு. நாற்பது ஆண்டுகளாகக் கற்பலகை போட்டு மூடிக் கிடந்தது. சபை முடிந்ததும் அதைத் திறந்து தூர் வார வேண்டும் என்று அரசன் சொல்லியிருந்தான். உள்ளே இறங்க வேண்டியவன், ஊரிலேயே நல்ல கிணற்று வேலைக்காரன் என்று பெயர் எடுத்த நல்லாண்டி. மேலே நின்று அவனுக்குக் கயிறு பிடிப்பவள் அவன் மனைவி அங்காயி.

சபைக்கே வராத அங்காயி அந்த ஆண்டு வந்தாள். பட்டாடைக்கு ஆசைப்பட்டு அல்ல. அந்த வேலை தன் சொற்படி நடந்தால் புருஷன் உயிரோடு மேலே வருவான் என்று வந்தாள்.

வட்டில் மிதந்தது. "கோடையில் தண்ணீரைக் குளிர வைப்பது எது?" என்று கேட்டான் அரசன்.

அங்காயிதான் முதலில் கை தூக்கினாள். "பானை வேர்க்குமுங்க, மவராசா. அந்த வேர்வையைக் காத்து வாங்கிட்டுப் போறப்ப, சூட்டையும் சேத்து..."

வட்டில் மூழ்கியது. "மண்பானை" என்றார் திருமேனியார். சபை கை தட்டியது.

"கிணறு எந்த வடிவில் வெட்டப்படும்?"

மறுபடியும் அங்காயி முந்திக்கொண்டாள். "சுத்தி இருக்கிற மண்ணு எல்லாப் பக்கமும் ஒண்ணாத் தள்ளுமுங்க. மூலை வெச்சு வெட்டினா, மூலைதான் மொதல்ல..."

வட்டில் மூழ்கியது. "வட்டம்" என்றார் திருமேனியார். சபை கை தட்டியது, கொஞ்சம் சிரிக்கவும் செய்தது.

"பாழுங்கிணற்றில் முதலில் இறங்க வேண்டியது எது?"

அங்காயி எழுந்தாள். "எங்க அண்ணன்..." என்றாள். அதற்கு மேல் சொல் வரவில்லை. அதற்குள் வட்டில் மூழ்கிவிட்டது.

"விளக்கு" என்றார் திருமேனியார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. பாழுங்கிணற்றில் அண்ணனை முதலில் இறக்குவாளாம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அங்காயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் காலை கிணற்றைத் திறந்தார்கள். திருமேனியார் பட்டாடையோடு வந்து நின்றார். அரசனும் வந்தான். ஊரே குடத்தோடு கூடிவிட்டது.

"முதலில் விளக்கு!" என்றார் திருமேனியார்.

கிணற்று வேலைக்காரர் கயிற்றில் ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு முடிச்சு இருக்கும். விளக்கைக் கட்டி அங்காயி இறக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு முடிச்சு வரை விளக்கு எரிந்தது. ஐந்தாம் முடிச்சில் அணைந்தது.

"நல்லது. விளக்கு இறங்கியாயிற்று. இனி ஆள் இறங்கலாம்" என்றார் திருமேனியார்.

நல்லாண்டி இடுப்பில் கயிற்றைக் கட்டத் தொடங்கினான். மறுத்தால் வேலை போகும், வேலை போனால் அடுப்பு எரியாது. அங்காயி அந்தக் கயிற்றை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, வெளக்கு அணைஞ்சு போச்சுங்களே!"

"காற்றில் அணைந்திருக்கும். முதலில் விளக்கு இறங்க வேண்டும் என்பதே விடை. அணையக் கூடாது என்று விடையில் இல்லையே!"

கேட்டீர்களா அநியாயத்தை! ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் படித்த ஓலையில் அவ்வளவுதான் இருந்தது.

அங்காயி கூட்டத்தில் ஒருத்தியிடம் ஒரு மண்பானை வாங்கினாள். மேல்பக்கம் நான்கு துளை போட்டு, விளக்கை அதற்குள் வைத்து, காற்று அடிக்காதபடி இறக்கினாள். ஐந்தாம் முடிச்சில் அணைந்தது. மூன்றாவதாக, திரியைத் தடியாக்கி, எண்ணெயை நிறைய விட்டு இறக்கினாள். ஐந்தாம் முடிச்சிலேயே அணைந்தது.

"மூணு தடவையும் ஒரே முடிச்சுல வந்து அடிக்கிற காத்து எங்கய்யா இருக்கு?" என்றாள் அங்காயி.

திருமேனியாருக்கு முகம் சிவந்தது. ஊரே பார்க்கிறது. "என் விடையில் ஐயமா? நானே இறங்கிக் காட்டுகிறேன்" என்று பட்டாடையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கயிற்றை வாங்கித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். ஒரு காலைக் கிணற்றுக்குள் விட்டும்விட்டார்.

இப்போது பாருங்கள். அங்காயி பேசாமல் இருந்திருந்தால் போதும். நேற்றுச் சிரித்த வாயெல்லாம் அடைத்திருக்கும், புருஷனும் தப்பியிருப்பான். ஆனால் அவளோ ஓடிப்போய் இரண்டு கையாலும் அவரைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டாள்.

"வேண்டாஞ் சாமி! எங்க அண்ணன் இப்படித்தான் எறங்குனாரு. வெளக்கு அணைஞ்சதைப் பாத்துட்டே எறங்குனாரு. 'அண்ணே, அண்ணே'ன்னு மேல நின்னு கத்தினோம். பதிலே வரல. உங்க வீட்லயும் உங்களுக்காகப் பாத்துட்டு இருப்பாங்கல்ல?"

நேற்றுச் சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அரசன் அங்காயியின் அருகே வந்தான். அவன் அதுவரை ஆயிரமாயிரம் கேள்வி கேட்டவன். ஒருநாளும் கேட்காத கேள்வியை அன்று கேட்டான்.

"அம்மா, விளக்கை ஏன் முதலில் இறக்குகிறோம்?"

"நாம மூச்சு விடுற காத்துதானுங்க, மவராசா, தீக்கும் வேணும். மூடியே கெடந்த கெணத்துல நல்ல காத்து இருக்காது, கெட்ட காத்துதான் அடியில தேங்கிக் கெடக்கும். அங்க தீ சாகும். தீ செத்த எடத்துல மனுசனும் சாவான். எறங்கலாமா வேண்டாமான்னு நமக்குச் சொல்லத்தான் வெளக்கு போகுது."

"நேற்றே இதைச் சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் வந்தேனுங்க. உங்க வட்டில் விடல."

பிறகு வேலை அங்காயி சொன்னபடி நடந்தது. புங்கங்கிளைகளை ஒரு பெரிய கட்டாகக் கட்டி, கிணற்றுக்குள் இறக்கி இறக்கி மேலே இழுத்து, கெட்ட காற்றைக் கிளப்பினார்கள். வீடுகளில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடம் குடமாக மேலேயிருந்து வீசி ஊற்றினார்கள். திருமேனியாரும் கயிறு இழுத்தார். உள்ளங்கை கொப்புளித்தும் விடவில்லை. பொழுது உச்சிக்கு வந்ததும் விளக்கை இறக்கினாள். ஐந்தாம் முடிச்சைத் தாண்டியது. எட்டாம் முடிச்சில் அடியைத் தொட்டு, அங்கேயும் எரிந்துகொண்டே இருந்தது.

நல்லாண்டி இறங்கினான். வேலை முடியும் வரை அவன் பக்கத்தில் விளக்கும் எரிந்தது, மேலே கிளைக்கட்டும் ஓயவில்லை. மூன்று நாள் தூர் வாரினான். மூன்றாம் நாள் மாலை ஊற்றுக்கண் திறந்தது. முதல் குடத் தண்ணீரை அங்காயி மண்பானையில் ஊற்றிவைத்தாள்.

மறு சித்திரையில் சபை கூடியது. வட்டிலின் துளையை அரசன் அரக்கு வைத்து அடைத்துவிட்டிருந்தான். அது பாட்டுக்கு மிதந்துகொண்டிருந்தது. ஒரே கேள்வியை நாள் முழுதும் பேசினார்கள். முறுக்கு விற்றவனுக்கு நல்ல வியாபாரம். திருமேனியார் முன்வரிசையில் அங்காயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நிமிடத்துக்கொரு தரம், "அது ஏன் தாயி?" என்று கேட்டு அவள் உயிரை வாங்கினார். அவளும் சலிக்காமல் சொன்னாள். நல்லாண்டி பின்னால் உட்கார்ந்து, நல்ல காற்றை வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினான்.

கதை கேட்ட நல்லவர்களே, விடையை மட்டும் மனப்பாடம் செய்யாமல், அது ஏன் விடையானது என்றும் கேட்டுத் தெரிந்துகொள்வதே உயிர் காக்கும் கல்வி.