பாலைக்குறிச்சியின் களிமண் நகரம்

முன்னொரு காலத்தில் பாலைக்குறிச்சி நாட்டைக் கொற்றமாறன் என்றொரு ராஜா ஆண்டான். எவ்வளவு முன் என்று துருவுகிறவர்களுக்கு: மழைத்தண்ணீர் தன் வழியில் போய்க்கொண்டிருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராஜாவுக்குக் காலையில் ஒன்று தோன்றும். மதியச் சோறு செரிப்பதற்குள் வேறொன்று தோன்றும். ஒரு நாள் புதிய நகரம் தோன்றியது. அரண்மனைச் சிற்பிகள் ஒரே ஒரு கோட்டைவாசலை ஏழு வருடமாகக் கட்டிக்கொண்டிருந்ததால், வெளியாளான கண்ணந்தையை அமர்த்தினான். கூலி பேசி ஊர்களை வரைந்து கொடுப்பது கண்ணந்தையின் பிழைப்பு. கயிறு பிடிப்பவர், முளை அடிப்பவர் என்று எட்டுக் குடும்பங்கள் அவரை நம்பியிருந்தன.

மறுநாளே நில அமைச்சர் விடங்கர் அவரைத் தேடி வந்தார்.

"தெற்கே ஒரு வெற்றிடம் இருக்கிறதே, அங்கே வணிகர் வீதி வரட்டும்."

"அது ஏரி, ஐயா."

"மூன்று வருடமாக அதில் தண்ணீர் பார்த்தீரா?"

"மூன்று வருடமாக மழையே பார்க்கவில்லை."

"பிறகென்ன, அது மேட்டு நிலம்தான்." அந்த மேட்டு நிலத்தை அவர் தன் மைத்துனன் பெயரில் வளைத்துப்போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. "ஏரி என்ற சொல் சபையில் உம் வாயில் வரக்கூடாது. முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடும். பாதிக் கூலிக்கு வரைய நாலு பேர் என் வாசலில் காத்திருக்கிறார்கள்."

கண்ணந்தை எட்டு அடுப்புகளை நினைத்துப் பார்த்தார். அந்த வீதியில் குடியேறப்போகிறவர்களையும் நினைத்தார்.

"தங்கள் சொற்படியே, ஐயா."

ஒன்பதாம் நாள், கட்டில் அகலப் பலகையில் ஒரு நகரம் சபைக்கு வந்தது. நிலத்தின் மேடு பள்ளத்தை அளந்து, அதே ஏற்ற இறக்கத்தோடு பச்சைக் களிமண்ணில் ஊரைச் செய்து காட்டுவது அந்தத் தொழிலின் முறை. தெற்கே வணிகர் வீதி ஜோராக இருந்தது. அதன் நடு மாளிகை மாடத்தில் விரலளவு மரப்பொம்மை ஒன்று, மஞ்சள் தலைப்பாகையோடு நின்றது. சபையில் மஞ்சள் தலைப்பாகை விடங்கர் ஒருவருக்குத்தான்.

"நம் விடங்கர்தானே இது?" என்றான் ராஜா.

"யோசனை அவருடையது, அரசே. சிறந்த மனையை அவருக்கே ஒதுக்கினேன்."

விடங்கர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஒரு சிறு சடங்கு பாக்கி," என்று கண்ணந்தை செம்பை நீட்டினார். "ஊரைக் கேட்டவர் கையால் முதல் மழை பெய்ய வேண்டும். எங்கள் வழக்கம்."

மழை பெய்விக்கச் சொன்னால் எந்த ராஜா மறுப்பான்? செம்பு முழுவதையும் கவிழ்த்தான். தண்ணீர் வடக்கே நிற்கவில்லை, கிழக்கே நிற்கவில்லை. எல்லாத் தெருவும் வழிவிட, வணிகர் வீதியில் போய்த் தங்கியது. களிமண் வீடுகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. மஞ்சள் தலைப்பாகை மல்லாந்து மிதந்தது.

"மோசடி, அரசே," என்றார் விடங்கர். "வேண்டுமென்றே பள்ளம் தோண்டிக் கொண்டுவந்திருக்கிறான். அது மேட்டு நிலம்."

"இருக்கலாம்," என்றார் கண்ணந்தை பணிவாக. "நான் கூலிக்காரன். அமைச்சர் சொல்வதே சரியாக இருக்கும். ஐப்பசிக்குள் அவர் அங்கே குடியேறிவிட்டால், என் கணக்குத் தப்பு என்று ஊரே ஒப்புக்கொள்ளும்."

"நல்ல யோசனை," என்றான் ராஜா. "விடங்கரே, நாளையே அஸ்திவாரம் போடும்."

விடங்கர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "அரசே, எனக்கு மூட்டுவலி. ஈரம் ஆகாதென்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்."

சபையில் ஒருவர் தும்மலைப்போல் சிரித்தார்.

"மேட்டு நிலத்தில் ஏதய்யா ஈரம்?" என்றான் ராஜா.

ஐப்பசிக்குள் அந்த நிலத்தை விடங்கரே ஆள் வைத்துத் தூர்வாரி, கரை கட்டி, ஏரியாகவே ஊருக்கு விட வேண்டும் என்று தீர்ப்பானது. முதல் கூடை மண்ணை மஞ்சள் தலைப்பாகைமேல் வைத்துச் சுமக்க வேண்டும் என்பது ராஜாவின் சொந்தச் சேர்க்கை.

"உமக்கு என்ன வேண்டும், கண்ணந்தை? யானை கேளும்."

"யானைக்கு யார் தீனி போடுவது, அரசே? இந்தப் பணி முடியும்வரை மூன்று தடவை 'முடியாது' என்று சொல்ல அனுமதி வேண்டும். வேலையும் போகக்கூடாது, தலையும் போகக்கூடாது."

"இவ்வளவுதானா? தந்தேன்." ராஜா உற்சாகமாகப் பலகைமேல் குனிந்தான். "இந்த ராஜவீதி மட்டும் கொஞ்சம் வளைந்து போகிறது. குயவர் தெருவை இடித்துவிட்டு நேராக்கிவிடும்."

"முடியாது, அரசே."

ராஜா நிமிர்ந்தான். அவன் கண்ணந்தையைப் பார்த்தான்; கரைந்துபோன வீதியைப் பார்த்தான்; பிறகு மெல்ல ஒரு விரலை மடக்கினான்.

"இன்னும் இரண்டுதான் பாக்கி. நினைவிருக்கட்டும்."

"இருக்கிறது, அரசே. மதியச் சாப்பாடு வேறு இன்னும் ஆகவில்லையே."