சுரைக்குடுக்கைக்குள் ஒரு வண்டியோட்டி

ஒரு காட்டில் கம்பளியன் என்ற கரடி தேன் விற்றுக்கொண்டிருந்தது. தேன் என்றால் அசல் கொம்புத்தேன்! ஆனால் என்ன செய்வது குழந்தைகளே, கடை இருந்த இடம் மலையுச்சிப் பாறை. ஒரு வாய் தேனுக்காக அவ்வளவு தூரம் ஏறி வர யாருக்குப் பைத்தியம்? தேன் புளித்தது. கரடி ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

கீழே ஆற்றுத்துறையில் ஓர் ஆலமரம் இருந்தது. தண்ணீர் குடிக்க வரும் அத்தனை விலங்குகளும் அதன் நிழலைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே கடை போட்டால் சரக்கு நிற்காது. அந்த உரிமைக்காகத்தான் ஆண்டுதோறும் பனங்காய் வண்டிப் பந்தயம் நடக்கும்.

நான்கு பனங்காய்ச் சக்கரம், மேலே ஒரு பலகை, திருப்புவதற்கு இரண்டு கொடி. இவ்வளவுதான் வண்டி. உச்சியில் தள்ளிவிட்டால் மூன்று வளைவு கடந்து ஆற்றங்கரைக்கு வரவேண்டும். எவருடைய வண்டி முந்துகிறதோ அவருக்கு ஓர் ஆண்டு ஆலமரத்தடி சொந்தம். ஐந்து ஆண்டுகளாக அது கிழங்கு விற்கும் காட்டுப்பன்றியிடமே இருந்தது.

"இந்த ஆண்டும் விட்டால் என் தேனை எறும்புதான் தின்னும்!" என்று கம்பளியன் வண்டி கட்டியது. ஓட்ட ஆள் தேடியது.

ஒரு தேவாங்கு வந்தது. ஒல்லிக் கை, ஒல்லிக் கால், முகம் முழுக்கக் கண். வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கொடியைப் பிடித்தது. பிடித்தால் உடும்புப் பிடி! வண்டி மூன்று வளைவையும் வழுக்கிக்கொண்டு கடந்துபோய் ஆற்றங்கரையில் நின்றது. பலகையில் வைத்திருந்த தேன் கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"ஆகா! ஆள் கிடைத்துவிட்டான்!" என்று கரடி குதித்தது.

கடைக்குக் கூவி ஆள் சேர்க்கும் கிளி, அதன் காதருகே வந்து உட்கார்ந்தது. "முதலாளி, இந்த முகத்தையா தேன் வண்டியில் உட்கார வைக்கப் போகிறீர்கள்?"

"முகத்துக்கு என்ன?"

"என்னவா! ஒருவனைத் திட்டவேண்டுமென்றால் நாம் என்ன சொல்கிறோம்? 'தேவாங்கு மாதிரி முழிக்கிறான்' என்கிறோம். அந்தத் தேவாங்கே வந்து முழித்தால்? பார்ப்பவன் கண்ணை மூடிக்கொள்வான். கண்ணை மூடியவன் தேனை எப்படி வாங்குவான்?"

தேவாங்கு தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டது. "கண் பெரிதாக இருந்தால் வளைவு முன்னாலேயே தெரியும் ஐயா" என்று மெல்லச் சொன்னது.

கரடிக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் நாலு பேர் சிரித்துவிட்டால்?

கிளி பறந்துபோய் ஒரு மலையணிலை அழைத்து வந்தது. செக்கச் சிவந்த உடம்பு, பட்டுக் குஞ்சம் போல வால். வந்ததும் அது கேட்ட முதல் கேள்வி, "என் வாலை எந்தப் பக்கம் போடட்டும்?"

"வண்டி ஓட்டத் தெரியுமா?" என்றது கரடி.

"தெரியாது. ஆனால் ஓட்டுவது போல உட்காரத் தெரியும்."

"போதாதா முதலாளி!" என்று கிளி சிறகடித்தது. "வண்டியில் நீங்கள் தேன் ஊற்றிவைக்கும் பெரிய சுரைக்குடுக்கையைக் கட்டுவோம். தேன் கடைக்கு அடையாளமாகவும் இருக்கும். தேவாங்கு அதற்குள் உட்கார்ந்து ஓட்டட்டும். பார்ப்பதற்கு ஓர் ஓட்டை, கொடிக்கு இரண்டு ஓட்டை. அணில் முன்னால் உட்காரட்டும். முகத்துக்கு அணில், கைக்குத் தேவாங்கு!"

கரடி தேவாங்கைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசியது. "தம்பி, நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளக் கூடாது..."

"ஓட்டப்போவது நான்தானே ஐயா?"

"நீயேதான்."

"அப்படியானால் சரி" என்று தேவாங்கு குடுக்கைக்குள் இறங்கியது.

பந்தய நாளும் வந்தது. பொழுது சாயும் நேரம். ஆற்றங்கரையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். உச்சியில் ஏழு வண்டிகள் வரிசையாக நின்றன. வண்டிகளின் சொந்தக்காரர்கள் எல்லோரும் கீழே, நடுவரான கடமான் பக்கத்தில் நின்றார்கள். கடமான் ஒவ்வொருவராகக் கேட்டது.

"கம்பளியா, உன் வண்டியை ஓட்டுவது யார்?"

கரடி தொண்டையைக் கனைத்தது. உண்மை நாக்கு நுனிவரை வந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. "மலையணில்!" என்றது.

"சொன்னது சொன்னதுதான். ஓட்டுபவர் வழியில் விழுந்தால் அந்த வண்டி ஆட்டத்தில் இல்லை. தெரியுமல்லவா?"

"தெரியும், தெரியும்."

மரங்கொத்தி டொக் என்று தட்டியது. ஏழு வண்டிகளும் பாய்ந்தன!

கடகட கடகட என்று மலையே அதிர்ந்தது. முதல் வளைவில் இரண்டு வண்டிகள் மோதிக் கவிழ்ந்தன. இரண்டாம் வளைவில் முயல் ஓட்டிய வண்டியின் சக்கரம் கழன்று ஓடியது. முயல் அதன் பின்னால் ஓடியது. காட்டுப்பன்றியின் வண்டியைக் கீரி ஓட்டியது. அதுதான் முன்னால் பறந்தது. அதன் வாலைத் தொடுகிற தூரத்தில் தேன் வண்டி!

"அணிலே! அழகே!" என்று கூட்டம் கத்தியது.

அணிலுக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டத்துக்குக் காட்ட வேண்டுமே என்று வாலைத் தூக்கி விரித்தது. விரித்த வால் குடுக்கையின் ஓட்டையை அப்படியே மூடிக்கொண்டது.

வண்டி தடுமாறியது. இடப்பக்கம் பள்ளம்!

"வாலை எடு! அடே, வாலை எடு!" என்று கரடி அலறியது. அத்தனை இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

சக்கரம் பள்ளத்தின் விளிம்பைத் தொட்டது. அந்த நொடியில் அணில், "ஐயோ, கடிக்கிறான்!" என்று வீறிட்டு எம்பியது. மேலே நீண்டிருந்த மரக்கிளையைப் பற்றிக்கொண்டு தொங்கியது.

வண்டி நிமிர்ந்தது. பலகையில் யாரும் இல்லை. யாரும் இல்லாத வண்டி மூன்றாம் வளைவை வெண்ணெயில் கத்தி இறங்குவது போல எடுத்தது. கூட்டம் வாயைப் பிளந்தது. கீரியை ஒட்டி, உரசி, ஒரு சாண் முந்தி, தேன் வண்டி ஆற்றங்கரைக் கோட்டைத் தாண்டி நின்றது!

"ஆலமரம் எனக்கு! ஆலமரம் எனக்கு!" என்று கம்பளியன் ஆடிய ஆட்டத்தில் மண் பறந்தது.

"ஓட்டியவர் எங்கே?" என்று கடமான் கேட்டது.

"அதோ, கிளையில் தொங்குகிறார்!" என்று காட்டுப்பன்றி சிரித்தது.

கரடி ஓடிப்போய்க் குடுக்கையைத் திறந்தது. "இல்லை ஐயா, இல்லை! ஓட்டியது இவன்! இவனேதான்!"

தேவாங்கு வெளியே தலை நீட்டி முழித்தது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கீரி வண்டியிலிருந்து இறங்கி வந்தது. "அந்தக் கடைசி வளைவை எடுத்தது நீயா, அண்ணே? எங்கே, அந்தக் கையைக் காட்டு!"

"வால் மறைத்தது. அதனால்தான் கடித்தேன்" என்றது தேவாங்கு, மன்னிப்புக் கேட்பது போல.

கடமான் கரடியையும் தேவாங்கையும் மாறி மாறிப் பார்த்தது. "முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். ஓட்டுபவனைச் சுரைக்காயில் மறைத்ததை இன்றுதான் பார்க்கிறேன். தம்பி, நீ நன்றாக ஓட்டினாய். ஆனால் பந்தயத்தில் உன் பெயர் இல்லை. பெயர் உள்ளவர் மரத்தில் இருக்கிறார். ஆலமரத்தடி இந்த ஆண்டும் காட்டுப்பன்றிக்கே!"

"ஐயா, என் வண்டிதானே முதலில் வந்தது!"

"வந்தது வண்டி. ஓட்டியவனை நீதானே வரவிடவில்லை?"

கரடி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டது. கிளியைத் தேடியது. கிளி எப்போதோ பறந்துவிட்டிருந்தது.

அதற்குள் தோற்ற வண்டிக்காரர்கள் எல்லோரும் தேவாங்கைச் சூழ்ந்துகொண்டார்கள். "அடுத்த ஆண்டு எனக்கு ஓட்டு!" "எனக்கு ஓட்டு, தம்பி!" என்று ஒரே கூச்சல். தேவாங்கு கூச்சத்தோடு ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"நான் எங்கே உட்காரவேண்டும்?"

"இது என்ன கேள்வி? முன்னால்தான்!" என்றது முள்ளம்பன்றி.

கரடியும் எழுந்து, "முன்னால்!" என்று சொல்ல வாயெடுத்தது. தேவாங்கு அதற்குள் முள்ளம்பன்றியோடு நடந்து வெகுதூரம் போய்விட்டது.

நீதி: முகத்துக்கு வெட்கப்பட்டுத் திறமையை ஒளித்து வைப்பவன், முந்தி வந்தாலும் தோற்றவனே.