ராஜா ஒரு நாள் நாய் வளர்த்த கதை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குத் திடீரென்று நாய் வளர்க்கும் ஆசை வந்துவிட்டது. வேட்டையிலிருந்து திரும்பும் வழியில், ஆட்டிடையன் ஒருவனின் நாய் அவனைக் கண்டதும் ஓடிவந்து தாவிக் குதித்ததைப் பார்த்தார். அரண்மனையில் தம்மைக் கண்டால் எல்லோரும் குனிகிறார்களே தவிர, யாரும் குதிப்பதில்லை என்று அவருக்கு ஏக்கமாகப் போயிற்று.

சபையில் தாம் கண்டதையும் தம் ஆசையையும் சொன்னார். விகடகவி அம்பலவாணனை எப்போது கவிழ்க்கலாம் என்று காத்திருந்த தளவாய் நாகப்பர் எழுந்தார்.

"பிரபு, நாய் வளர்ப்பது தங்களுக்கு ஒத்துவருமா என்று விகடகவி சொல்லட்டும். அவர் சொல் பொய்த்தால் நாட்டை விட்டு வெளியேறட்டும்."

ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

அம்பலவாணன் இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஒத்துவரும் என்றால், ராஜா பத்தே நாளில் நாயை மறந்துவிடுவார். போன வருஷம் ஆசைப்பட்டு வாங்கிய கிளி இப்போது மடைப்பள்ளியில் கிடக்கிறது. ஒத்துவராது என்றால், நாட்டை ஆளுகிறவருக்கு ஒரு நாயை ஆளத் தெரியாதா என்று தளவாய் தூபம் போடுவார்.

"பார்க்காமல் எப்படிச் சொல்வது பிரபு? நாளை விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை நானே தங்கள் நாய். வளர்த்துப் பாருங்கள்" என்றான்.

ராஜா சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகப் பள்ளியறைக் கதவை யாரோ பிறாண்டினார்கள். திறந்தால், கழுத்தில் கயிற்றோடு நாலு காலில் அம்பலவாணன். வெளியே போக வேண்டுமாம். தோட்டத்தில் ஒவ்வொரு மரமாக நின்று மோந்தான். ராஜா கொட்டாவி விட்டபடி பனியில் நின்றார். சபையில் அயல்நாட்டுத் தூதர் வாயைத் திறந்தபோதெல்லாம் குரைத்தான். சாப்பிடப் போனவர் கதவைச் சாத்தியதும் ஊளையிட்டான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து பார்த்தால், ராஜாவின் செருப்பில் ஒன்றைக் கடித்துக் குதறியிருந்தான்.

"தளவாய், கொஞ்ச நேரம் நீர் பார்த்துக்கொள்ளும்."

தளவாய் ஆசையோடு கயிற்றை வாங்கினார். அடுத்த நொடி அவர் கெண்டைக்காலில் பல் பதிந்தது.

"பிரபு, இவன் வேண்டுமென்றே கடிக்கிறான்."

"நாய்க்கு வேண்டியவர், வேண்டாதவர் தெரியும் என்பார்கள்" என்றார் ராஜா.

மாலையில் ராஜா பக்கத்து நாட்டுப் பட்டாபிஷேகத்துக்குக் கிளம்ப வேண்டும். பல்லக்கு வந்து நின்றது. "நான் திரும்பும்வரை இதை யார் வைத்துக்கொள்வது?" என்று கேட்டார். எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள். அம்பலவாணன் பல்லக்கின் பின்னாலேயே கோட்டை வாசல்வரை வந்தான். காவலர் தடுத்ததும் அங்கேயே படுத்துக்கொண்டான். சோறு வைத்தார்கள், திரும்பிப் பார்க்கவில்லை. கண் பல்லக்கின் மேலேயே இருந்தது.

ராஜாவுக்கு மனசு கேட்கவில்லை. பல்லக்கை நிறுத்தி இறங்கி வந்தார். விளக்கு வைக்கும்வரை அவன் பக்கத்திலேயே நின்றார்.

"எழுந்திரு அம்பலவாணா. எனக்கு ஆசை இருக்கிறது, நேரம் இல்லை. ஒத்துவராது."

"நான் ஒன்றும் சொல்லவில்லை பிரபு, தாங்களே சொன்னீர்கள். ஓய்ந்த நேரத்தில் அந்த இடையனின் ஆட்டுக் கிடைக்குப் போய் வாருங்கள். நாய் அவனுடையதாகவே இருக்கட்டும். நாலு தரம் பழகினால் தங்களைக் கண்டும் குதிக்கும்."

அப்படியே ஆயிற்று. ஒரு நாள் அந்த நாய் சேற்றுக் காலோடு ராஜாவின் பட்டாடை மேல் தாவியது. ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன வேண்டும், கேள்" என்றார் அம்பலவாணனிடம்.

"அன்று தவழ்ந்ததில் முழங்கால் இன்னும் வலிக்கிறது, பிரபு."

ராஜா அவனுக்குப் பட்டுச் சால்வை போர்த்திவிட்டு, தைலம் தேய்க்கும் வேலையைத் தளவாயிடம் ஒப்படைத்தார். தளவாய் தம் காலை எட்ட வைத்துக்கொண்டுதான் தேய்த்தார்.