கரடி வாங்கிய தடம்

ஒரு காட்டில் விலங்குகள் ஒரு பக்கம், குளம் மறுபக்கம். நடுவே சூரைமுள் புதர். அதைக் கடித்துக் கடித்துத் தடம் போட்டது ஒரு முள்ளம்பன்றி.

தடத்துக்கு அது வைத்த சட்டம் இரண்டுதான். யாரும் நடக்கலாம், பார்த்து இதேபோல் இன்னொன்றும் போட்டுக்கொள்ளலாம். போகிறவர் ஆளுக்கொரு முள்ளைக் கடித்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

முயலும் அணிலும் கடித்தன. மான் கூட்டம் நடந்ததோடு சரி. காலில் முள் குத்தினால் மட்டும் முள்ளம்பன்றியைத் தேடி வந்து திட்டும். திரும்பத் திரும்ப முளைத்த மீதி முள்ளையெல்லாம் முள்ளம்பன்றியே கடித்தது. பாவம், இரை தேடக்கூட நேரமில்லை. விலா எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

அப்போதுதான் கரடி வந்தது. தேன்பாறையையும் இலுப்பைத் தோப்பையும் ஏற்கெனவே வளைத்துப் போட்ட கரடி.

“தடத்தை எனக்குக் கொடு. ஆயுசுக்கும் கிழங்கு தர்றேன். ஒண்ணும் மாறாது.”

முள்ளம்பன்றி இரண்டு நாள் யோசித்தது. பசி அதற்கு மேல் யோசிக்க விடவில்லை. தலையாட்டிவிட்டது.

ஒரு மாதம் ஒன்றும் மாறவில்லைதான். அப்புறம் கரடி வழியை மறித்து உட்கார்ந்தது. ஒரு குலை பழம் வைத்தால்தான் தண்ணீருக்கு விடுவேன் என்றது. கோடை வேறு. முயலின் குட்டிகள் நாக்கு வறண்டு சுருண்டு கிடந்தன.

முள்ளம்பன்றி கிழங்கைக் கீழே போட்டது. முயலிடம் போய், எல்லாவற்றையும் விற்றுத் தொலைத்துவிட்டேன் என்று அழுதது.

முயல் திட்டவில்லை. “தடத்தைத்தானே வித்தே அக்கா? எங்க பல்லையுமா வித்தே?”

முள்ளம்பன்றி அழுகையை நிறுத்தியது. அன்றைக்கே பத்தடி தள்ளிப் புதுத் தடத்துக்கு முதல் முள்ளைக் கடித்தது. முயலும் அணிலும் சேர்ந்துகொண்டன. மான்களும் வெட்கத்தோடு வந்து வாய் வைத்தன.

கரடி மூச்சிரைக்க ஓடி வந்தது. கிழங்கு கொடுத்து வாங்கியிருக்கிறேன், இது துரோகம் என்று குதித்தது.

முள்ளம்பன்றி சொன்னது: “வாங்கினதை நீயே வச்சுக்கோ. உன் கிழங்கும் வேண்டாம். இதேபோல யாரும் போட்டுக்கலாம்னு தடத்தோட சட்டமே இருக்கு. வாங்கும்போது நீ கேட்டுக்கலை.”

ஒரு மழைதான் பெய்தது. கடிக்க ஆளில்லாத பழைய தடம் மூடிக்கொண்டது. கரடி இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, முதுகெல்லாம் முள்ளோடு.

நீதி: பலர் சேர்ந்து காத்ததை ஒருவன் வாங்கிவிடலாம், காத்தவர்களை வாங்க முடியாது.