சீட்டில் உள்ளபடி வெட்டப்பட்ட சீர்ப்பாத்திரங்கள்

அன்று அந்தப் பாத்திரக் கடையில் இருந்தவர்களின் பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடைக்கு உரிமையாளரான தையல்நாயகி, மகள் உமையாளின் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்க வந்த சங்கரவடிவு, வேலை கேட்டு வந்த ஆவுடையப்பன், குருந்தையா, பிச்சாண்டி. ஆக ஐந்து பேர். மூளை இரண்டு. சாயங்காலத்துக்குள் அவையும் பழுதாயின.

பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற ஆள் அன்று காலைதான் எதிர்க்கடைக்கு மாறிப் போயிருந்தான். சீரோ ஐந்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்பட வேண்டும். பெயர் வெட்டாத பாத்திரத்தைச் சம்பந்தி வீட்டில் இறக்க எந்தத் தாய் சம்மதிப்பாள்? சங்கரவடிவு பென்சிலால் ஒரு சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் பூ வாங்கப் போனார்.

"முன்னே பார்த்த வேலையை ஏன் விட்டீங்க?" என்று தையல்நாயகி மூவரையும் கேட்டார்.

"ஓட்டல்ல இருந்தேன் முதலாளியம்மா," என்றான் குருந்தையா. "உட்கார்ந்திருக்கிறவங்களுக்கெல்லாம் இலை போடச் சொன்னாங்க. வாசல்ல நின்ன பஸ்ஸுல நாற்பது பேர் உட்கார்ந்திருந்தாங்க. போட்டேன். பஸ் கிளம்பிருச்சு. சாம்பார் வாளியோட நாலு மைல் ஓடினேன். அதுக்கு மேல முடியல."

"ஜவுளிக்கடையில பொம்மைக்குச் சேலை மாத்தச் சொன்னாங்க," என்றான் பிச்சாண்டி. "பொம்பளைப் பொம்மையாச்சே, கண்ணை மூடிக்கிட்டுக் கட்டினேன். கொசுவம் சொருகும்போதுதான் மேனேஜர் கத்தினார். கட்டினது அவருக்கு."

"நீ ஏன்ப்பா விட்டே?"

"இவங்க ரெண்டு பேரும் விலகினாங்க. எனக்கு விலகுறதுக்கு வேலை இல்ல," என்றான் ஆவுடையப்பன். "அதுக்காகவே ஒரு இடத்துல சேர்ந்து விலகினேன்."

இவ்வளவையும் காதால் கேட்ட பிறகும் தையல்நாயகி அவர்களை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். அவருடைய மூளை பழுதானது அப்போதுதான் என்பது என் கணிப்பு. "சீட்டுல இருக்கிறதை அப்படியே வெட்டுங்க. ஒரு எழுத்து விடக்கூடாது," என்று உளியையும் சுத்தியலையும் கொடுத்துவிட்டு உள்ளே சாப்பிடப் போனார்.

சீட்டில் இருந்தது இது: 'உமையாள். ஐந்து மணிக்கு ஆள் வரும். பழசைப் புதுசென்று தலையில் கட்டாதீர்கள்.'

குடத்தில் முழுவதும் வெட்டினார்கள். தாம்பாளத்திலும் அவ்வாறே. கரண்டியில் இடம் போதவில்லை.

"மிச்சத்தை அடுத்த கரண்டியில வெட்டு," என்றான் ஆவுடையப்பன்.

"சீட்டுல எண்ணெய்க் கறை இருக்கே, அண்ணே?" என்றான் பிச்சாண்டி.

ஆவுடையப்பன் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "அப்படியேன்னா அப்படியேதான்டா."

கறையையும் வட்டமாக, மிக நேர்த்தியாக வெட்டினார்கள்.

ஐந்து மணிக்குச் சங்கரவடிவு வந்தார்; குடத்தைக் கையிலெடுத்துப் படித்தார்.

"அடப் பாவிகளா! எம்மகளைப் பத்தி நானே சம்பந்திக்கு இப்படி எழுதி அனுப்பவா?"

"அழிங்கடா எல்லாத்தையும்!" என்று அலறினார் தையல்நாயகி.

ஆவுடையப்பன் பணிவோடு சீட்டை எடுத்து, ரப்பரால் ஓர் எழுத்து விடாமல் அழித்தான்.

"நான் எதிர்க்கடையில எடுத்துக்கிறேன். பேர் வெட்டுற ஆளும் அங்கேதான் இருக்கான்," என்று சங்கரவடிவு போய்விட்டார்.

தையல்நாயகி சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார், செருப்பை மாட்டிக்கொண்டார்.

"முதலாளியம்மா வேலையை விடுறாங்கடா," என்றான் குருந்தையா.

"காரணம் சொல்லாமப் போனா அடுத்த கடையில சேர்த்துக்க மாட்டாங்களே!" என்று பதறினான் பிச்சாண்டி.

ஆவுடையப்பன் புதிய தாம்பாளம் ஒன்றை இழுத்து, 'தையல்நாயகி. நல்ல குணம். விலகிய காரணம்:' என்று விறுவிறுவென வெட்டிவிட்டு, உளியை நிறுத்தி நிமிர்ந்தான்.

"சொல்லுங்கம்மா. அப்படியே வெட்டுறேன்."

தையல்நாயகி படியிறங்கிப் போனார்.