போய்ச் சேர்ந்ததும் அவிழ்க்கவும்

ஆனைக்குழிக்காரர்கள் யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். ஓர் எழுத்தைக்கூட விடமாட்டார்கள். அவர்களுக்கு வந்த துன்பங்கள் எல்லாம் இந்த நல்லொழுக்கத்தால் வந்தவையே.

அந்த ஊர்க் கொண்டல்சாமிக்குப் பெண் கொடுக்கப் பக்கத்து ஊர் மாசிலாமணி ஒரே நிபந்தனைதான் போட்டார். மாப்பிள்ளை வீட்டில் நிற்கும் அந்தப் பழைய சீமைக் காரில்தான் மாப்பிள்ளை வந்து இறங்க வேண்டும். இல்லாவிட்டால் பெண் கிடையாது. முகூர்த்தத்தன்று காலை கார் கிளம்பவில்லை.

மெக்கானிக் கமருதீன் பாய் வெளியூரில் இருந்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா இருளப்பன் போன் போட்டார். டிராக்டரில் கட்டி இழுத்துப் போகச் சொன்னார் பாய். "ஆனா அது ஆட்டோமேட்டிக் வண்டி. நியூட்ரல்ல இருக்கணும். பின் சக்கரம் தரையில படக்கூடாது, கியர் பாக்ஸ் வெந்துபோகும். போய்ச் சேர்ந்ததும் கட்டினதை உடனே அவிழ்த்துடுங்க."

இளைய சித்தப்பா சடையனுக்கு ஒரு சந்தேகம். "ஆட்டோமேட்டிக்னா தானாப் போறதுதானே அண்ணே? தானாப் போறதைக் கட்டி இழுத்தா அதுக்குக் கோவம் வராதா?"

நியாயமாகப் பட்டது. கார் தானாகப் புறப்படட்டும் என்று எல்லோரும் சற்று ஒதுங்கி வழிவிட்டு நின்றார்கள். அது புறப்படவில்லை.

அடுத்து நியூட்ரல். நியூட்ரல் என்றால் நடுநிலை என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே கியர்க் கம்பியை நடுவில் தள்ளி வைத்தார்கள். அது சரியாக அமைந்தது தற்செயல். ஸ்டீயரிங் பிடிக்க உட்கார்ந்த மாப்பிள்ளைக்கும் இருளப்பன் புத்தி சொன்னார்: "வண்டிக்குள்ள இருக்கிற நீயும் நியூட்ரல்லயே இருக்கணும். எந்தப் பக்கமும் சாயாதே."

பின் சக்கரம் தரையில் படாமலிருக்க, உறவினர் உட்காரக் கொண்டுவந்த இரண்டு ஜமுக்காளங்களை விரித்தார்கள். சக்கரம் ஒன்றைக் கடந்ததும் அதைச் சுருட்டிக்கொண்டு முன்னால் ஓடி விரிப்பார்கள். டிராக்டர் ஜமுக்காளத்தின் வேகத்தில் ஊர்ந்தது. வழியில் ஓர் எருமை அவர்களை முந்திப் போயிற்று.

முகூர்த்தம் முடிவதற்குச் சற்று முன்னால் மண்டபம் வந்தது. மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கினான், மாசிலாமணி மனம் குளிர்ந்துபோனார். அவசரத்தில் காரைக் கட்டிய கயிற்றை அவிழ்க்க எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

மணவறையில் மாமனார் பிரியமாக, பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்.

"நான் நியூட்ரல்ல இருக்கேன் மாமா," என்றான் கொண்டல்சாமி.

பெண் வீட்டார் எழுந்தே விட்டார்கள். நியூட்ரலில் இருப்பது தள்ளினால் நகரும் என்பது மாப்பிள்ளையின் அக்காவுக்குத் தெரியும். முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். மூன்று முடிச்சும் விழுந்தது.

அப்போதுதான் சடையன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அண்ணே, பாய் சொன்னதை மறந்துட்டமே. போய்ச் சேர்ந்ததும் கட்டினதை உடனே அவிழ்க்கணும்."

சித்தப்பாக்கள் இருவரும் மணவறை ஏறி, "கொஞ்சம் குனிம்மா" என்றார்கள்.

பெண் செவ்வந்தி தாலியை இறுகப் பிடித்துக்கொண்டு அமைதியாகக் கேட்டாள்: "போய்ச் சேர்ந்ததும் அவிழ்க்கணும்னுதானே மாமா, பாய் சொன்னாரு? நாங்க ரெண்டு பேரும் இப்பத்தானே கிளம்புறோம்."

இருவரும் யோசித்துப் பார்த்தார்கள். சட்டப்படி அது சரிதான். இறங்கிவிட்டார்கள்.

ஆனால் பொறுப்பு பொறுப்புதானே. இன்றும் வெள்ளிக்கிழமை தவறாமல் இருவரும் அந்தத் தம்பதியின் வீட்டு வாசலில் வந்து நின்று, மிகுந்த அன்போடு விசாரிக்கிறார்கள்:

"என்னம்மா, நீங்க ரெண்டு பேரும் இன்னும் போய்ச் சேரலியா?"